"கேட்டால் தரப்படும்" என்று எழுதினால் போதுமா? ஆய்வுத் தரவையும் நிரலையும் இணையத்தில் வைப்பது பற்றி

ஓடக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் கடலியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வங்காள விரிகுடாவின் மேலடுக்கு நீரில் உப்புத்தன்மை பருவத்துக்குப் பருவம் எப்படி மாறுகிறது என்பது குறித்த என் முதல் கட்டுரையைச் சென்ற வாரம் ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் "தரவும் நிரலும் எங்கே கிடைக்கும்" என்று ஒரு பத்தி எழுதித் தரச் சொல்கிறார்கள். "வேண்டுவோர் ஆசிரியருக்கு எழுதினால் தரப்படும்" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடும்படி என் நெறியாளர் சொன்னார். முப்பது ஆண்டுகளாக அவர் அப்படித்தான் எழுதிவருகிறார். யாரும் குறை சொன்னதில்லை.

எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இதே வரியை நம்பி, சென்ற ஆண்டு இரண்டு கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு நான் எழுதினேன். ஒரு மடல் முகவரி இல்லையென்று திரும்பி வந்தது. மற்றொன்றுக்கு இன்றுவரை பதில் இல்லை. நாளை என்னிடம் கேட்பவருக்கும் அதுவே நேரும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் பட்டம் பெற்றதும் இந்தப் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியே எனக்கு இருக்காது.

கையில் இருப்பவை பதினான்கு பைதான் நிரல்கள், ஒரு ஜுப்பைட்டர் ஏடு, ஏறத்தாழ மூன்று ஜிபி தரவு. அடிப்படைத் தரவு நான் அளந்ததன்று; ஆர்கோ மிதவைகள் தந்தது. உலகக் கடல்களில் ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் பத்து நாள்களுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழம்வரை இறங்கி ஏறி, வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. இந்தியாவின் பங்கை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் கவனித்துக்கொள்கிறது. அந்தத் தரவைத் தேர்ந்து, ஐயத்துக்குரிய அளவுகளைக் களைந்து, கட்டங்களாகப் பிரித்துச் சராசரி எடுத்தது என் வேலை. இதில் எதை, எங்கே, எப்படி வைப்பது? வைக்கத்தான் வேண்டுமா?

ஏட்டுச்சுவடி

ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இந்தக் கேள்வியோடு வாரம் ஒருவராவது என் மேசைக்கு வருகிறார்கள், பெரும்பாலும் இதழ் கெடு வைத்ததற்கு முந்தைய நாள்.

உங்களுக்கு நேர்ந்தது விதிவிலக்கன்று. தரவு கேட்டால் தருவோம் என்று தாமே எழுதிவைத்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களுக்குக் குரோவேஷிய ஆய்வாளர்கள் மூவர் எழுதிக் கேட்டுப் பார்த்து, முடிவை 2022-இல் வெளியிட்டார்கள். 1,670 பேர் பதில் போடவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். உண்மையில் கொடுத்தவர்கள் 122 பேர். நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் எண்ணவில்லை. 2 முதல் 22 ஆண்டுப் பழமையுள்ள 516 கட்டுரைகளை எடுத்துக்கொண்ட இன்னோர் ஆய்வு, தரவு இன்னும் பிழைத்திருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 17 விழுக்காடும், ஆசிரியரின் மின்னஞ்சல் வேலை செய்யும் வாய்ப்பு ஆண்டுக்கு 7 விழுக்காடும் குறைந்துகொண்டே போவதாகக் கணக்கிட்டது. வன்தட்டு பழுதாகிறது, மாணவர் வேலை கிடைத்துப் போய்விடுகிறார், குறுந்தகடு இருக்கிறது, அதைப் படிக்கும் கருவி இல்லை. கொடுக்க மனம் இருந்தும் கொடுக்கப் பொருள் இல்லாமல் போவதே அதிகம்.

எங்கே வைப்பது என்பதில் ஒரு குழப்பத்தை முதலில் நீக்கிவிடுகிறேன். "கிட்ஹப்பில் போட்டுவிட்டேன், போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். கிட்ஹப் என்பது நிரல் எழுதுவோர் வேலை செய்யும் இணையப் பட்டறை. அங்கே நாளைக்கே நீங்கள் கோப்பை மாற்றலாம், கணக்கையே அழிக்கலாம், நிறுவனமும் தன் கொள்கையை மாற்றலாம். கூகுள் கோட் என்னும் அதே வகைத் தளம் ஒரு காலத்தில் எவ்வளவு பெரியதாக இருந்தது! 2015 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அந்த முகவரிகளை அடிக்குறிப்பில் தாங்கிய கட்டுரைகள் இன்றும் நூலகத்தில் இருக்கின்றன.

ஆய்வுக்கென்று அமைந்த களஞ்சியங்கள் வேறு வகை. ஸெனோடோவை 2013-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் தொடங்கியது. துகள் இயற்பியலுக்கென அமைத்த தரவு மையத்திலேயே அதையும் நடத்துகிறார்கள். கட்டணம் இல்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் உண்டு, பதிவு செய்தவுடன் டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் கிடைக்கும். கிட்ஹப் கணக்கை அதனோடு இணைத்துவிட்டால், நீங்கள் ஒரு பதிப்பை வெளியிடும்போதெல்லாம் அதன் படி தானாகவே அங்கே சேமிக்கப்பட்டு அதற்கெனத் தனி எண் பெறும். எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக ஒரு தாய் எண்ணும் இருக்கும். கட்டுரையில் காட்டவேண்டியது குறிப்பிட்ட பதிப்பின் எண்ணை. (அலெக்சாந்திரியா நூலகத்தின் முதல் நூலகராகச் சொல்லப்படும் ஸெனோடோட்டசின் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதில் எங்கள் இனத்துக்குச் சற்றே பெருமை.)

நெடுங்காடு

நான் களத்தில் வேலை செய்யும் உயிரியலாளன். ஏட்டுச்சுவடி அம்மா சொன்ன எண்களை மறுக்கவில்லை, ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் திறந்துவைக்க வேண்டும் என்று இளைஞர்களிடம் சொல்லும் பேச்சு எனக்கு ஒப்புதல் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருவாச்சிப் பறவைகளின் கூடுகளைப் பதினொரு ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இருவாச்சி ஒரே மரப்பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வரும். அந்த மரத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை ஐந்து தசம இலக்கத்தோடு நான் இணையத்தில் வைத்தால், குஞ்சைத் திருடி விற்பவனுக்கு வழிகாட்டிப் பலகை நட்டதாக ஆகும். பறவை பார்ப்போர் தம் பதிவுகளை இடும் ஈபேர்ட் தளமே இப்படிப்பட்ட இனங்களின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அட்டைக்கடியும் மழையும் பட்டு நான் பதினொரு ஆண்டு திரட்டியதை, குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவர் ஒரு பிற்பகலில் இறக்கி, இரண்டு மாதத்தில் கட்டுரையாக்கி, நன்றியுரையில் கால் வரி எழுதிவிட்டுப் போவார். பதவி உயர்வுக் குழுவில் எண்ணப்படுவது அவருடைய கட்டுரை. என் தரவுத் தொகுப்பை யாரும் எண்ணுவதில்லை. இந்தோனேசியா 2007-இல் பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளை வெளியே அனுப்புவதை நிறுத்திக்கொண்டதற்குக் காரணமும் இதைப் போன்றதுதானே? மாதிரி அவர்களுடையது, அதிலிருந்து வேறொருவர் செய்யும் தடுப்பூசியை அவர்கள் விலை கொடுத்து வாங்கவேண்டும் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்?

இரட்டைப்படை

நெடுங்காடு ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் ஓடக்கரையின் கேள்வியில் பாதி நிரலைப் பற்றியது. நிரலுக்குக் கூடு இல்லை, திருடனும் இல்லை. நான் கணினி வேதியியலில் இருப்பதால் என் துறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன்.

மூலக்கூறுகளின் காந்த ஒத்ததிர்வு அளவுகளைக் கணிப்பதற்கு 2014-இல் ஒரு செய்முறைக் கட்டுரை வந்தது. அதனோடு பைதான் நிரல்களும் வந்தன. பலர் அவற்றை அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2019-இல் ஹவாய் பல்கலைக்கழகக் குழு ஒன்று, ஒரே நிரல், ஒரே தரவு, கணினி மட்டும் வேறு என்னும்போது விடை வேறுபடுவதைக் கண்டது. விண்டோஸில் ஒன்று, உபுண்டுவில் வேறொன்று, மேக்கின் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும்கூட ஒன்று போலில்லை.

காரணம் ஒரே ஒரு வரி. ஓர் அடைவில் உள்ள கோப்புகளின் பட்டியலை எடுத்துத் தரும் "குளோப்" என்னும் பைதான் வசதி, அவற்றை எந்த வரிசையில் தரும் என்று உறுதி கூறுவதில்லை. இயங்குதளம் கொடுக்கும் வரிசையே அதன் வரிசை. நிரலை எழுதியவர்களின் கணினியில் அது அகரவரிசையாக அமைந்திருந்தது. ஒரு மூலக்கூற்று வடிவத்துக்கு இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. இரண்டு பட்டியல்களையும் முதலுக்கு முதல், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று நிரல் இணைத்துக்கொண்டே போகிறது. வேறொரு கணினியில் பட்டியல் கலைந்து வந்தால், ஒருவன் சட்டைக்கு இன்னொருவன் பொத்தான் போட்டது போல, ஒரு வடிவத்தின் ஆற்றலோடு வேறொரு வடிவத்தின் அளவு சேர்ந்துவிடும். நிரல் நிற்காது, பிழைச் செய்தி வராது. நம்பும்படியான ஓர் எண் வரும். கோப்புகளை அகரவரிசைப்படுத்தும் ஒரு சிறு கட்டளையைச் சேர்த்ததோடு பிழை தீர்ந்தது.

அந்த நிரல் வெளியே இருந்ததால்தான் இது அகப்பட்டது. ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங்கின் குழுவுக்கு நடந்ததைப் பாருங்கள்: ஆய்வகத்துக்குள் புழங்கிய நிரல் ஒன்று தரவின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டது. அதனால் அவர்கள் கண்ட புரத வடிவங்கள் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடம்வலமாக மாறிப்போயின. 2006 முடிவில் ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். வேறொரு குழு அதே குடும்பப் புரதம் ஒன்றின் வடிவத்தை வெளியிட்டு, அது இவர்களுடையதோடு முரண்பட்ட பிறகே குட்டு வெளிப்பட்டது. நிரலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை, பார்க்கக் கிடைக்கவில்லையே.

கூட்டுவட்டி

பொருளியலிலும் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாகக் கழித்தல் 0.1 விழுக்காடாகிவிடும் என்று ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் பொருளியலாளர்கள் 2010-இல் எழுதினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்கள் கணக்கிட்ட எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது. சரியாகக் கணக்கிட்டால் கூட்டல் 2.2 என்று அவர் குழு 2013-இல் காட்டியது.

நெடுங்காடு

இந்தக் கதையைச் சொல்பவர்கள் இரண்டை விட்டுவிடுகிறார்கள். ஒன்று, அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி எக்செல் சூத்திரத்தால் வந்ததன்று; எந்த ஆண்டுகளைச் சேர்ப்பது, எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை தருவது என்பதில் வந்தது. இரண்டு, ஹெர்ண்டனுக்கு அந்தக் கோப்பை அனுப்பியவர்கள் அந்த ஆசிரியர்களேதான். அவர் கேட்டார், அவர்கள் தந்தார்கள். இந்த இழையின் தலைப்புக்கு இது எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது?

கூட்டுவட்டி

ஒப்புக்கொள்கிறேன். எக்செல் பிழை சொல்வதற்குச் சுவையானது என்பதால் அதையே எல்லாரும் சொல்கிறோம். ஆனாலும் மூன்று ஆண்டு கழித்தே ஒருவருக்கு அந்தக் கோப்பு கிடைத்தது. அதற்குள் அந்த 90 என்னும் எண் பல நாடுகளின் நிதிநிலை விவாதங்களுக்குள் நுழைந்துவிட்டது.

ஏட்டுச்சுவடி

நெடுங்காடு ஐயாவுக்கு: நீங்கள் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் இடையே நீங்கள் எண்ணுமளவு தொலைவு இல்லை. தரவுப் பகிர்வுக்கென்று 2016-இல் வகுக்கப்பட்டு இன்று எங்கும் பேசப்படும் "ஃபேர்" கொள்கைகள், தரவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. கண்டுபிடிக்க இயலவேண்டும், பெறும் வழி தெளிவாக இருக்கவேண்டும், பிற தரவோடு பொருந்தவேண்டும், மறுபடி பயன்படவேண்டும் என்பவையே அந்த நான்கும். பெறும் வழி என்பது "இன்ன குழுவிடம் விண்ணப்பித்து, இன்ன நிபந்தனைக்கு ஒப்பினால்" என்றும் இருக்கலாம். கூட்டின் இருப்பிடத்தைப் பத்துக் கிலோமீட்டர் கட்டமாகக் கரடுமுரடாக்கிவிட்டு, முட்டையிட்ட நாள், குஞ்சு வெளிவந்த நாள், சுற்றிலும் பழுத்திருந்த மரங்கள் ஆகியவற்றை வெளியிடலாம். நோயாளிகளின் தரவு வைத்திருப்பவர்களும் வேறுவகையில் இதைத்தான் செய்கிறார்கள்.

உழைப்புக்கு உரிய பெயர் கிடைக்காத குறைக்கு என்னிடம் நல்ல மருந்து இல்லை. விண்வெளித் தொலைநோக்கிகளில் நேரம் பெற்ற ஆய்வாளருக்கு, ஜேம்ஸ் வெப்பில் வழக்கமாக ஓராண்டு, தரவு தனியுரிமையாக இருந்து பிறகு எல்லாருக்கும் திறக்கிறது. களஞ்சியங்களும் இத்தனை நாள் கழித்துத் திறக்கவேண்டும் என்று முன்கூட்டியே தேதி குறிக்க இடம் தருகின்றன. மரபணுத்துறை நேர்மாறாகப் போயிற்று: 1996-இல் பெர்முடாவில் கூடியவர்கள், மனித மரபணு வரிசையை வாசித்த 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவது என்று முடிவுசெய்தார்கள். பதினொரு ஆண்டு உழைப்புக்கு எது பொருந்தும் என்று ஜெனீவாவிலோ பெர்முடாவிலோ இருப்பவர் சொல்லமுடியாது.

வான்குருவி

துறைசாராத ஒருவன் குறுக்கிடலாமா? திறந்துவைத்தால் எடுப்பவர் எல்லாரும் போட்டி ஆய்வாளர் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்குகலன் 2019 செப்டம்பரில் நிலவில் மோதி நொறுங்கிய பிறகு, நாசாவின் சுற்றுக்கலன் 17-ஆம் தேதி எடுத்த படத்தை 26-ஆம் தேதி பொதுவெளியில் வைத்தார்கள். சென்னையில் பணியாற்றிய பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதை இறக்கி, அதே இடத்தின் பழைய படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். முதன்மை மோதல் இடத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர் தள்ளி இருந்த சிதறல் அது; டிசம்பர் 2-ஆம் தேதி அவர் பெயரைச் சொல்லியே நாசா அறிவித்தது. அவருக்கு ஆய்வுப் பதவியும் இல்லை, நிதியும் இல்லை. இணைய இணைப்பும் பொறுமையும் இருந்தன.

நெடுங்காடு

நல்ல செய்திதான். நிலவுக்கு வேட்டைக்காரன் போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஓடக்கரை

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரட்டைப்படை ஐயா சொன்னதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் விடுதியில் என் அறைக்கு எதிரறைத் தங்கையிடம் என் அடைவு முழுவதையும் ஒரு பென்டிரைவில் கொடுத்து, "என்னிடம் எதுவும் கேட்காமல் மூன்றாம் படத்தை வரவழைத்துக் காட்டு" என்றேன். அவள் லினக்ஸ் வைத்திருக்கிறாள், நான் விண்டோஸ்.

முதல் நிரலே நின்றது. கோப்பின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க, நிரலில் சிறிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. அதைத் திருத்தியதும், என் மடிக்கணினியின் டி டிரைவ் முகவரி நிரலுக்குள் எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. அதற்கடுத்து நம்பை நூலகம் (பைதானில் எண்கணக்குக்கான ஆயத்த நிரல்தொகுப்பு): நான் பயன்படுத்திய "என்பி புள்ளி ஃப்ளோட்" என்னும் பழைய வடிவத்தை 1.24 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அவளிடம் இருந்தது புதிய பதிப்பு. இப்படி மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, பதினொன்றரைக்கு ஒரு படம் வந்தது.

வந்த படம் என் படமாக இல்லை. வளைகோட்டின் சாயல் அதேதான். ஆனால் வட விரிகுடாவில் மழைக்குப் பிந்தைய மாதங்களின் எண்கள் கட்டுரையில் உள்ளவற்றிலிருந்து சற்று விலகியிருந்தன. குளோப்தான் காரணம் என்று முதலில் பதறினேன். அது இல்லை. மூன்று ஜிபி தரவு பென்டிரைவில் முழுவதும் ஏறாமல் போனதால், அவள் ஆர்கோ தளத்திலிருந்து அதே மிதவைகளின் தரவைப் புதிதாக இறக்கியிருக்கிறாள். நான் இறக்கியது இரண்டு ஆண்டுக்கு முன்பு. மிதவைத் தரவு முதலில் 24 மணி நேரத்துக்குள் தானியங்கிச் சோதனையோடு வெளிவரும்; பின்னர் வல்லுநர்கள் அதைச் சரிபார்த்து, உணரியின் விலகலைத் திருத்தி, அதே கோப்பைப் புதுப்பிப்பார்கள். என் கோப்புகளில் சில, திருத்தத்துக்கு முந்தியவை. நான் செய்தது தவறா, அவள் செய்தது தவறா என்றே தெரியவில்லை.

இரட்டைப்படை

இருவரும் தவறு செய்யவில்லை. எந்த நாளின் தரவு என்று எழுதிவைக்காததுதான் குறை. ஆர்கோ அமைப்பு தன் முழுத் தரவையும் மாதத்துக்கு ஒருமுறை அப்படியே படியெடுத்து, ஒவ்வொரு மாதப் படிக்கும் டிஓஐ-யின் கீழ் தனிக் குறியீடு தருகிறது. இன்றைய படியை எடுத்து முழுக் கணக்கையும் மறுபடி ஓட்டுங்கள். அந்த மாதத்தின் குறியீட்டைக் கட்டுரையில் எழுதுங்கள். எண்கள் சற்று மாறினால் அச்சுப்படியில் திருத்துங்கள். முடிவே மாறினால் இதழாசிரியருக்கு எழுதவேண்டியிருக்கும். இப்போதே தெரிந்தது நல்லது.

எதிரறைத் தங்கைக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். அவள் செய்ததை ஆயிரக்கணக்கான கோப்புகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டின் டேட்டாவர்ஸ் களஞ்சியத்தில் ஆய்வாளர்கள் வைத்திருந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர் என்னும் நிரல்மொழிக் கோப்புகளை ஒரு குழு ஓட்டிப் பார்த்தது. 74 விழுக்காடு முதல் முயற்சியிலேயே நின்றுபோயின. உங்களுடையதைப் போன்ற முகவரிப் பிழைகளைத் தானியங்கியாகச் சரிசெய்த பிறகும் 56 விழுக்காடு ஓடவில்லை என்று 2022-இல் எழுதினார்கள். இத்தனையும் பகிரவேண்டும் என்னும் நல்லெண்ணத்தோடு களஞ்சியத்தில் வைக்கப்பட்டவை!

ஆகவே பயன்படுத்திய ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதிச் சேருங்கள். முகவரிகளை எல்லாம் நிரலின் தலைப்பில் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பதினான்கு நிரல்களை எந்த வரிசையில் ஓட்டுவது என்று ரீட்மீ கோப்பில் எழுதுங்கள். முதல் நிரலுக்கு முன் என்ன இருக்கவேண்டும், கடைசி நிரலுக்குப் பின் என்ன வரவேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

ஏட்டுச்சுவடி

உரிமத்தையும் மறக்காதீர்கள், தம்பிகள் எல்லாரும் மறப்பது அதைத்தான். உரிமம் எழுதாத நிரல் இணையத்தில் எல்லார் கண்ணிலும் பட்டாலும், சட்டப்படி அதை எடுத்தாள எவருக்கும் அனுமதி இல்லை. நிரலுக்கு எம்ஐடி அல்லது ஜிபிஎல், தரவுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் என்று தனித்தனியாகக் கொடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை நிரலுக்குப் போடவேண்டாம் என்று அந்த அமைப்பே சொல்கிறது. மூன்று ஜிபி மூலத் தரவை மறுபடி பதிவேற்ற வேண்டியதில்லை. ஆர்கோவின் குறியீடு போதும். நீங்கள் உருவாக்கிய கட்டச் சராசரிகளை மட்டும் வையுங்கள்.

ஓடக்கரை

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். புதிய படியைக் கொண்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். முடிவு மாறவில்லை, இரண்டு அட்டவணைகளில் கடைசி இலக்கங்கள் மாறின. இதழ் அச்சுப்படித் திருத்தமாக ஏற்றுக்கொண்டது.

நெறியாளரிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. "மூன்று ஆண்டு உழைப்பைத் தட்டில் வைத்து நீட்டுகிறாய்" என்றார். ஊர்க் கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடத்தில் மூடிவைப்பானேன் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. எதிரறைத் தங்கையின் படத்தையும் என் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த கட்டுரை எழுதும்வரை வட விரிகுடாவின் தனி மிதவைப் பகுப்பாய்வை மட்டும் வைக்கவேண்டாம் என்றார். ஒப்புக்கொண்டேன். மற்ற நிரல்களும் கட்டச் சராசரிகளும் நேற்று ஸெனோடோவில் ஏறிவிட்டன, பதிப்பு 1.0.0. எதிரறைத் தங்கையின் பெயரையும் பங்களித்தோர் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

நெடுங்காடு

வாழ்த்துகள். நானும் என் முதல் ஐந்தாண்டுக் குறிப்புகளை இருப்பிடம் நீக்கி வைப்பதற்கு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். பதவி உயர்வுக் குழு அதை எண்ணும் என்ற நம்பிக்கை இன்னும் எனக்கு வரவில்லை.

கழிமுகம் (புதிய உறுப்பினர்)

வணக்கம். இந்த இழையைப் பார்த்து ஓடக்கரை வைத்த தொகுப்பை இறக்கினேன். நிரல்கள் பதினைந்து நிமிடத்தில் ஓடின, படங்களும் வந்தன. சிஎஸ்வி கோப்பில் இரண்டு நெடுவரிசைகள் மட்டும் புரியவில்லை.

"உப்புத்தன்மை" என்று தலைப்பிட்டிருப்பது மின்கடத்தலை வைத்துக் கணிக்கும் நடைமுறை உப்புத்தன்மையா, 2010 கடல்நீர்ச் சமன்பாட்டின்படி கிலோவுக்கு இத்தனை கிராம் என்று சொல்லும் தனி உப்புத்தன்மையா? 33 என்னும் நடைமுறை அளவு, தனி அளவில் கிலோவுக்கு 33.16 கிராம் அளவில் வரும். ஆர்கோ 0.01 துல்லியத்தை இலக்காகக் கொண்டிருக்கும்போது இந்த 0.16 பெரிய வேறுபாடு. அதேபோல் "ஆழம்" என்பது மீட்டரா? மதிப்புகள் 5, 10, 20 என்று முழு எண்களாக இருப்பதால், மிதவை டெசிபார் என்னும் அலகில் தரும் நீரழுத்தத்தையே ஆழம் என்று எழுதிவிட்டீர்களோ என்று ஐயப்படுகிறேன்.

ஓடக்கரை

முதலாவது நடைமுறை உப்புத்தன்மைதான்; தலைப்பிலேயே எழுதியிருக்கவேண்டும். இரண்டாவதில் நீங்கள் ஐயப்பட்டது சரி. அது டெசிபார். மேலடுக்கில் பெரிய வேறுபாடு இராது, ஆனால் 500 டெசிபாரில் ஏறத்தாழ மூன்று மீட்டர் தள்ளும். இரண்டு தலைப்புகளையும் திருத்தி 1.0.1 பதிப்பை இப்போதுதான் ஏற்றினேன்.

கட்டுரையின் நான்காம் படத்தின் செங்குத்து அச்சிலும் "மீட்டர்" என்றே இருக்கிறது. அச்சுப்படியைத் திருப்பி அனுப்பத் திங்கட்கிழமைவரை நேரம் இருப்பதால், நெறியாளருக்கு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.